குறுக்கே பதினாறு இன்ச்

போன சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடையில் என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார்.

அவர் தறி நெய்கிறவர். டேப் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். ஆனால் கம்ப்யூட்டர் கடையில் எதற்கு?

வாங்க வந்தது மகள் மாலதிக்கு. பட்டுச் சேலைக்குப் பார்டர், முந்தானை டிசைன் போடுவதுதான் அவள் வேலை. இத்தனை நாள் ஒரு டிசைன் சென்டரில் உட்கார்ந்து போட்டாள். இனி வீட்டிலிருந்தே போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டார் முதலாளி. சொந்த மெஷின் வேண்டும். காசு அவள் சேர்த்த காசு.

லேப்டாப்பா, ஆல்-இன்-ஒன்னா? அதுதான் பேச்சு. ஆல்-இன்-ஒன் என்றால் டிவி மாதிரி ஒரே பெட்டி. எல்லாம் அதற்குள்ளேயே. ஆனால் பையில் போட்டுத் தூக்க முடியாது.

நான் லேப்டாப் பக்கம். காரணம் இருந்தது. மறுநாள் ஆரணியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். கட்டிக்கொண்டு போகிற இடத்தில் இவ்வளவு பெரிய பெட்டியை எங்கே வைப்பாள்? லேப்டாப் என்றால் துணியோடு துணியாகப் போய்விடும்... யார் கண்ணையும் உறுத்தாது.

வீட்டுக்காரர் பெரிய பெட்டி பக்கம். திரை பதினெட்டரை இன்ச் என்றார் கடைக்காரர். இவர் டேப்பை வைத்தார். பதினாறு.

"மீதி ரெண்டரை இன்ச்சு எங்கப்பா?"

மூலைக்கு மூலை அளக்க வேண்டுமாம். கடைக்காரர் அளந்தும் காட்டினார்.

"மூலைக்கு மூல அளந்து சேல குடுத்தா நீ வாங்கிப்பியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. ஏமாற்று வேலை என்று செருப்பை மாட்டிக்கொண்டார். லேப்டாப்பையும் அப்படித்தான் அளப்பார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தார்.

நான் விடவில்லை. கரண்ட் போனாலும் லேப்டாப் ஓடுமே என்றேன்.

"போனா எழுந்து டீ குடிக்கிறேன்" என்றாள் மாலதி.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணத்துக்கு மெஷின் வாங்கலம்மா. வேலைக்கு வாங்கறேன். டிசைன்ல ஒரு கட்டம் தப்பா பாத்தா சேல பூரா தப்பா நிக்கும். என் கண்ணு நாப்பது வயசுலயும் எனக்கு வேணும்."

பெரிய பெட்டியே வீட்டுக்கு வந்தது. சந்தனம், குங்குமம் வைத்தேன். என் மனதுதான் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவன் அம்மா, இன்னும் இரண்டு பேர். பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. பையனின் அம்மா கண் மட்டும் மூலையிலிருந்த பெட்டி மேலேயே இருந்தது.

"புது டிவியாம்மா?"

அப்பாடா, டிவி என்றே இருக்கட்டும் என்று நினைத்தேன். மாலதி விடுவாளா?

"இல்லீங்க அத்த. என் வேல இதுலதான். நான் வந்தா இதுவும் என்கூட வரும். வைக்க எடம் இருக்குதா?"

வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்தார். பையன் அம்மாவைப் பார்த்தான்.

அந்த அம்மா எழுந்து போனார். பெட்டியைச் சுற்றி வந்தார். பின்னால் ஒயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார். போச்சு... நல்ல சம்பந்தம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"எங்க வீட்ல ஜன்னலாண்ட பீரோ நிக்குது" என்றார். "அத நவுத்தணும்."

அவ்வளவுதான் சொன்னார். காபியை முழுசாகக் குடித்தார்.

மகள் நல்ல இடத்துக்குப் போகவேண்டும் என்று அவள் வேலையைத் துணிக்குள் சுருட்டி ஒளிக்கப் பார்த்தவள் நான். அவளோ வேலையை நடு வீட்டில் வைத்துவிட்டு, இடம் இருக்கிறதா என்று கேட்டாள். கேட்டால்தானே தெரியும்?

புதன்கிழமை ஆரணியிலிருந்து போன் வந்தது. பீரோவை நகர்த்திவிட்டார்களாம். மேசை செய்ய ஆசாரி வந்து நிற்கிறாராம். பெட்டி என்ன அகலம்?

வீட்டுக்காரர் டேப்பை எடுத்தார். குறுக்கே அளந்துதான் சொன்னார்.

மூலைக்கு மூலை சொன்னால் மேசை செய்ய முடியுமா?