சிந்து காதில் சொன்னது

வெற்றிச்செல்விக்கு அரசாங்கம் கொடுத்த பெயர் இயற்கைக் கல்வியாளர். அந்தப் பெயரில் அவளை ஒருவரும் கூப்பிட்டதில்லை. ஏரிச் சரணாலயத்துக் காவலர்களுக்கு அவள் மேடம். அரியலூரிலிருந்து செந்துறை வரைக்கும் உள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மயில் டீச்சர். டீக்கடை ஆண்கள் அவள் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினால், "மயிலுக்கெல்லாம் ரேஷன் கார்டு குடுத்தாச்சுங்களா?" என்பார்கள்.

"உங்க வூட்டு அட்டையிலயே சேத்தாச்சுண்ணே. மண்ணெண்ணெய் மட்டும் வேணாம்னு சொல்லிருச்சு" என்பாள் அவள்.

சிரித்துக்கொள்வார்கள். ஆனால் அது முழுச் சிரிப்பாக இருக்காது. அவர்கள் எல்லோருமே மக்காச்சோளம் போட்டவர்கள். அவளுடைய அண்ணனும் செந்துறைப் பக்கம் மக்காச்சோளம்தான் போடுகிறான். போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, "எங்க வெள்ளாமையத் தின்னுட்டுத்தான் உன் மயிலு உனக்குச் சம்பளம் குடுக்குது" என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே சொன்னான். அவன் சொன்னதில் பொய் என்று எடுத்துக்காட்ட அவளிடம் எதுவும் இல்லை.

வேலையில் பாதி பள்ளிக்கூடங்களில். மீதிப் பாதி சரணாலயத் தகவல் மையத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில். நாய் கடித்த மான்குட்டி, சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்ட ஆந்தை, தூண்டில் நரம்பு காலைச் சுற்றிய நாரை என்று எதையாவது யாராவது சாக்கில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். கால்நடை மருத்துவர் அரியலூரிலிருந்து வரும்வரை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புண் கழுவுவது, தண்ணீர் புகட்டுவது, சாகிறதைச் சாகும்வரை நிழலில் வைத்திருப்பது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. படங்களைக் காட்டிப் பேசி முடித்த பிறகு, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தாங்கள் பார்த்த ஒன்றை அவள் காதில் சொல்ல வேண்டும். முதலில் கையைத் தூக்கித்தான் சொல்லச் சொன்னாள். எப்போதும் தூக்குகிற கைகளே தூக்கின. ஒரு பையன் கீரிப்பிள்ளையை முயல் என்று சொல்லிவிட, வகுப்பே சிரித்து, அவன் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. அதற்கப்புறம்தான் காது. இரண்டே விதி. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாது. காதில் சொன்னதை டீச்சர் வெளியே சொல்ல மாட்டார். பேசாத பிள்ளைகள் பேசினார்கள். பாம்பு தவளையை விழுங்கியது, கரிச்சான் குருவி காக்கையை விரட்டியது, பக்கத்து வீட்டுத் தாத்தா ஆமை பிடித்துக் குழம்பு வைத்தது. ஆமைக் குழம்பைக் கேட்டு அவள் ஒன்றும் செய்ததில்லை.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, செந்துறைச் சாலையில் உள்ளடங்கிய ஓர் ஊரின் நடுநிலைப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு சிந்து வரிசையில் கடைசியாக வந்தாள். முறை வந்தபோது பின்னால் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். காதருகே வந்த மூச்சில் மத்தியானச் சாம்பார் வாசம் இருந்தது.

"எங்கப்பா மக்காச்சோளத்துல மருந்து ஊத்தி ஊற வெச்சிருக்காரு டீச்சர். சாயந்தரம் வயல்ல தூவப் போறாரு. மயிலுக்கு."

வெற்றிச்செல்வி அவள் முகத்தைப் பார்த்தாள். சிந்து மறுபடியும் காதுக்கு வந்தாள்.

"அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் மட்டும்தான் கூட இருந்தேன். நீங்க மயில காப்பாத்திருவீங்கல்ல டீச்சர்?"

"சரி, நீ போ" என்றாள் வெற்றிச்செல்வி.

வெளியே வந்து ஸ்கூட்டர் அருகில் நின்றாள். மூன்றரை ஆகியிருந்தது. அந்தப் பிள்ளையின் அப்பா கலைவாணனை அவளுக்குத் தெரியும். சாலையை ஒட்டிய வயல். டீக்கடையில் ரேஷன் கார்டு கேட்கிறவர்களில் ஒருவன், கெட்டவன் இல்லை.

ரேஞ்சருக்குப் போன் செய்தால் ஜீப் வந்துவிடும். மயில் விஷயத்தில் வழக்கு என்றால் சிறைதான். ஆனால் இன்னும் ஒரு மயிலும் சாகவில்லை. சாகாத மயிலுக்காக ஜீப் எப்படி வந்தது என்று கலைவாணன் யோசித்தால், யோசனை நேராக அவன் வீட்டுக்குள்தான் போகும். நாளைக் காலையில் ஒரு மயிலாவது வரப்பில் செத்துக் கிடந்தால், யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொன்னதாக ஆகிவிடும். பிள்ளை தப்பித்துக்கொள்ளும். ஒன்று செத்தால் போதும்.

தான் இப்படி நினைப்பதைக் கவனித்ததும் வண்டியைக் கிளப்பினாள்.

நேராகக் கலைவாணன் வயலுக்குப் போகவில்லை. ஊர் தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி ஒவ்வொரு வயலாக இறங்கி, மயில் கிளறிய இடங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டே போனாள். இரண்டு பேரிடம் நின்று பேச்சுக் கொடுத்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கலைவாணன் வரப்பில் நின்றிருந்தான். வலது கையில் பாலிதீன் பையைச் சுற்றி மணிக்கட்டில் கட்டியிருந்தான். காலடியில் ஈரச்சாக்கு மூடிய வாளி.

"என்னாங்க டீச்சர், இந்தப் பக்கம்?"

"மயிலு எவ்ளோ சேதம் பண்ணுதுன்னு பாத்துட்டு வரேண்ணே."

"பாத்துட்டு?"

"எழுதி அனுப்புவோம்."

"அனுப்புங்க. மயிலுக்கு இருக்கறது பத்தலையாம், இன்னும் ரெண்டு ஏக்கரு சேத்து வெதைக்கச் சொல்லியிருக்கோம்னு எழுதுங்க."

"வாளியில என்னாண்ணே?"

"வெதை."

"வயலு வெதைச்சாச்சே."

அவன் கையில் இருந்த பையை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு வரவில்லை. மருந்து நாற்றம் சாக்குக்கு மேலே வந்துகொண்டிருந்தது.

"யாரு சொன்னா?" என்றான்.

"யாரும் சொல்லல. நாத்தம் அடிக்குது."

"ரோடு வரைக்குமா? இப்பத்தான் வாளியத் தூக்கியாந்தேன். ரெண்டு கை போட்டிருக்கேன். அதுக்குள்ள நாத்தம் அரியலூர் வரைக்கும் போயிருச்சா?"

"நான் எல்லா வயலையும் பாத்துட்டுத்தான்…"

"இன்னைக்கி நீங்க பள்ளிக்கூடம் வந்தீங்கல்ல."

அவள் கையிலிருந்த போனை அணைத்தாள்.

"பாப்பா சொல்லுச்சு" என்றான். அதை அவன் கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்ல" என்றாள் அவள். சொன்ன வேகமே அவளைக் காட்டிக்கொடுத்தது.

கலைவாணன் வரப்பில் உட்கார்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தாதது அவளைப் பயமுறுத்தியது.

"ரெண்டு வாட்டி வெதைச்சு ரெண்டு வாட்டியும் நோண்டித் தின்னுருச்சு. இது மூணாவது. உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? மயிலுக்கு ஊசி போடுறீங்க, கட்டுப் போடுறீங்க. போடுங்க. அத நான் கேக்கல. எம் புள்ளயக் கொண்டு என்னைப் புடிக்கறதுக்குத்தான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போறீங்களா?"

"அண்ணே, நான் யாருக்கும் சொல்லல. சொல்லியிருந்தா ஜீப்புதான் வந்திருக்கும்."

"இனிமே சொல்லுவீங்க."

"மாட்டேன். வாளியக் குழி வெட்டிப் பொதைச்சிருவோம். போட்டதப் பொறுக்கிருவோம். நான் எதையும் பாக்கல." மூச்சு விட்டுக்கொண்டாள். "நீங்க சிந்துவ ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. அடிக்கக் கூடாது."

"எம் புள்ளய அடிக்கக் கூடாதுன்னு நீங்க எனக்குச் சொல்றீங்க."

"ஆமாண்ணே."

அவன் முடிச்சைப் பிய்த்துப் பாலிதீன் பையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். பிறகு எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வயல் கிணற்றுக்கு எதிர்ப்புறம் கருவேல மரம் நின்ற மூலைக்குப் போனான். அவன் குழி வெட்ட, அவள் குச்சியால் கட்டிகளைப் புரட்டி, மருந்தில் நீலம் பாரித்த சோள மணிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். இருட்டும் வரை பொறுக்கினார்கள். குற்றம் நடந்தால் தெரிவிப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. இனி இந்த ஆளுக்கும் தனக்கும் நடுவில் ஒரு விஷயம் இருக்கும், அவன் வாயைத் திறந்தால் தன் வேலையும் போகும் என்று அவளுக்குப் புரிந்தது. அதுவும் நல்லதுதான், அவன் வாயை அது அடைத்துவைக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் சரணாலயக் காவலர் குழந்தைவேல் ஒரு பெட்டை மயிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கழுத்து நிற்கவில்லை. அலகில் எச்சில் நூலாக வடிந்தது. விட்டு விட்டு உடம்பு உதறியது. வெற்றிச்செல்வி இமையை விலக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது.

"எங்க கெடந்துச்சு?"

குழந்தைவேல் ஊர்ப் பெயரைச் சொன்னார். "கருவேலத்துக்கு அடியில. மருந்து தின்னதுதான் மேடம். ரேஞ்சர் சார்ட்ட சொல்லிரலாமா?"

மருத்துவருக்குப் போன் செய்து, அவர் சொன்ன அளவில் ஊசி போட்டாள். அவரிடம் பூச்சிமருந்து தின்றது என்றுதான் சொன்னாள். சொல்லாவிட்டால் எந்த ஊசி என்று அவர் சொல்ல முடியாது. எந்த ஊர் என்று அவர் கேட்டதற்கு, சாலையோரத்தில் கிடந்தது, தெரியவில்லை என்றாள். குழந்தைவேல் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரோட்டோரந்தான், என்னாங்க மேடம்?" என்றார்.

"ஆமாண்ணே."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் போனார். அவர் வருஷக்கணக்காக அவளோடு வேலை பார்க்கிறவர். அன்று முழுக்க அவளோடு டீ குடிக்க வரவில்லை.

பெட்டை சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையைத் தூக்கியது. கால் மட்டும் இன்னும் நடுங்கியது. அவள் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பைக் சத்தம் கேட்டது. கலைவாணனும் சிந்துவும். சிந்து நல்ல பாவாடை சட்டை போட்டு, பூ வைத்திருந்தாள். வெற்றிச்செல்வியின் கண் முதலில் அந்தப் பிள்ளையின் கைகளையும் கன்னத்தையும்தான் பார்த்தது. ஒன்றும் இல்லை.

"பாப்பா ஏரி பாக்கணும்னுச்சு" என்றான் கலைவாணன். அவன் முகம் மழித்து, சட்டையை உள்ளே விட்டு, கல்யாணத்துக்கு வந்தவன் போல இருந்தான். "அப்புடியே உங்களயும் பாத்துட்டுப் போலாம்னு. சொல்லு பாப்பா, டீச்சர்ட்ட என்னா சொல்லணும்?"

சிந்து காலால் மண்ணைத் தேய்த்தாள்.

"பாப்பாவுக்கு ரெண்டு நாளா ஒரே கொழப்பம் டீச்சர். வெதை நேர்த்தி பண்ணிக்கிட்டிருந்தேன். வெதைக்குப் பூச்சி வரக் கூடாதுன்னு மருந்து கலக்கறதுதானே. அதப் பாத்துட்டு, அப்பா மயிலுக்கு வெஷம் வெக்கிறாருன்னு நெனைச்சிருச்சு. ராத்திரியில சோறு எறங்கல. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. மயில் டீச்சர் சொன்னாத்தான் நம்புவேங்குது." குரல் லேசாக உடைந்தது. அதை அவன் இருமலாக மாற்றினான். "நீங்களும் அன்னைக்கி வயலுக்கு வந்தீங்கல்ல. வாளியப் பாத்தீங்கல்ல. நீங்களே சொல்லுங்க. அது என்னா மருந்து?"

அவன் மிரட்டவில்லை. அப்படி மிரட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கண்கள் கெஞ்சின. அவனுக்குத் தன் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைக்கும் அப்பா வேண்டும். இரண்டு நாளாக அந்த வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருவரும் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று வெற்றிச்செல்வியால் பார்க்க முடிந்தது.

சிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிவலைக்கு உள்ளே பெட்டை ஓரடி எடுத்துவைத்து, கால் மடங்கிச் சரிந்து, மறுபடி நின்றது.

"ஆமா சிந்து" என்றாள் வெற்றிச்செல்வி. "அது வெதைக்குப் போடுற மருந்துதான். எங்கண்ணன்கூட அப்படித்தான் கலக்குவாரு."

"நெஜமாவா டீச்சர்?"

"நெஜமா."

"அப்ப நான் பாத்தது தப்பா?"

"தெரியாமப் பாத்துட்ட. சின்னப் புள்ளதானே."

சிந்து தலையை ஆட்டினாள். ஒரு கணக்கைப் போட்டு முடித்ததுபோல் இருந்தது அந்த ஆட்டல். பிறகு அப்பாவிடம் திரும்பி, "சாரிப்பா" என்றாள்.

கலைவாணன் அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் தூக்குகிற வயதைத் தாண்டியிருந்தாள். கால்கள் அவன் முழங்கால் வரை தொங்கின. அவன் தோளுக்கு மேலாக அவள் கம்பிவலைக்குள் பார்த்தாள். மயிலுக்கு என்ன என்று அவள் கேட்பாள் என்று வெற்றிச்செல்வி காத்திருந்தாள். காய்ச்சல் என்று சொல்வதற்கு வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சிந்து கேட்கவில்லை. முகத்தை அப்பாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.