கிளைகாலும் ஒரு பழைய பாட்டிலும்

லேப்பில் எது உடைந்தாலும், எது கொட்டினாலும் முதலில் அட்டெண்டரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது இந்த வேலை பார்க்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். சங்கராபுரம் பக்கம் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேப்பில் பத்தொன்பது வருடமாகப் பாட்டில் கழுவுகிறேன். ஆசிட்டுக்குக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. அது மூக்கில் ஏறி முன்கூட்டியே சொல்லிவிடும். எத்திலீன் கிளைகால் அப்படியில்லை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, பாகு மாதிரி வழியும். நாக்கில் பட்டால் இனிக்குமாம். உள்ளே போனால் கிட்னி போய்விடும். யாராவது ஒருநாள் இதை வாயில் வைத்துவிடுவார்கள் என்றுதான் என் பயமெல்லாம்.

திறந்து கிடந்த மூடி

கிளைகால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மழைநாளில் பிள்ளைகள் கேனை மூடாமல் போய்விட்டார்கள். மறுநாள் அதைக் கரைப்பானாக வைத்துச் செய்த பரிசோதனை, தண்ணீர் கலந்து வீணாய்ப் போனது. திறந்தவர்கள் வகுப்பில் இருந்தார்கள், நான் எதிரில் இருந்தேன். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டார்: "ஒரு மூடிய மூடறதுக்கு எட்டாங்கிளாஸ் பத்தாதாம்மா?"

ரேடியேட்டர்

எங்கள் குளிர்த்தொட்டியில் தண்ணீரோடு கிளைகால் கலந்துதான் ஊற்றுவோம். மைனஸுக்குப் போனாலும் உறையாது. வண்டி ரேடியேட்டருக்கும் இதே சரக்குதான் என்று கல்லூரி பஸ் டிரைவர் முருகேசனுக்குத் தெரிந்ததிலிருந்து எனக்கு நிம்மதி போனது. வெள்ளிமலை ஏற்றத்தில் பஸ் கொதிக்கிறது, ஒரு லிட்டர் கொடு என்று கூல்டிரிங்ஸ் பாட்டிலோடு வந்து நின்றான். குடிக்கிற பாட்டிலில் இதை ஊற்றவே கூடாது, போய்யா என்றேன். "இன்னாக்கா, நா குடிச்சிடுவேன்னு பாக்கறியா? ஒனக்கு எதப் பாத்தாலும் சாவுதான் தெரியுது."

வாய்ப்புண்

லேப்பைக் கூட்டுகிற அஞ்சலைக்கு ஊர் வெள்ளிமலை. இரண்டு வயது மகளுக்கு வாய்ப்புண், பால்கூட இறங்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். முதல்நாள் லேப்பிலிருந்து கொஞ்சம் கிளிசரின் எடுத்துப்போய்த் தடவினாளாம். பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டு கிடக்கிறதாம். எங்களிடம் கிளிசரின் தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

அலமாரியைத் திறந்தேன். கேன் கனக்கிறதென்று, காலியான கிளிசரின் பாட்டிலில் கிளைகாலை ஊற்றி வைத்தவள் நானேதான். 'கிளைகால்' என்று எழுதி மேலே ஒட்டிய காகிதம், வழிந்த கிளைகாலில் ஊறி உரிந்து தட்டில் கிடந்தது. அது உரிந்த இடத்தில், முன்பு பாட்டில்மேல் என் கையாலேயே தமிழில் எழுதிய 'கிளிசரின்' அழியாமல் அப்படியே இருந்தது.

அது விஷம், உடனே ஜீப் பிடித்துக் கீழே இறங்கு என்று போனில் சொன்னேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு முருகேசன் பைக்கில் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எவ்வளவு கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு அஞ்சலை சொன்னாள்: "பஞ்சுலதான் தொட்டு வச்சேங்க. இனிப்பா இருந்திச்சா, இன்னும் இன்னும்னு கை நீட்டுச்சி. ஸ்பூன்ல குட்த்துட்டேன்."

விசாரணை

பிள்ளை பிழைத்தது. ஆனால் கிட்னிக்கு இன்னும் மாத்திரை, இன்னும் ஆஸ்பத்திரி. லேப் பொருளை வீட்டுக்கு எடுத்துப்போனது குற்றம் என்று கல்லூரியில் அஞ்சலையை நிறுத்திவிட்டார்கள். பாட்டிலில் எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "நீ ஏம்மா தலையக் குடுக்கற, சும்மா இரு" என்றார் துறைத்தலைவர். சும்மா இருந்துவிட்டேன்.

வார்டுக்குப் போய் அஞ்சலையிடமாவது சொன்னேன். திட்டுவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையின் காலைத் தடவியபடியே இருந்தாள். "நா கண்ண மூடிக்கினு எடுக்கலக்கா. எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டுத்தான் எடுத்தேன்."

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பாட்டில் கழுவியிருக்கிறேன், உள்பக்கம் மட்டும்.