கருப்பசாமி பீடத்தில் கொட்டிய மண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசமாகத் தயங்கினேன். எழுத உட்காருவேன், அம்மாவின் முகம் வந்து நிற்கும், எழுந்துவிடுவேன். போன ஆடியில் அம்மா சாமியிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி மறைக்க ஆளில்லை. கருப்பசாமியை மனசில் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுக்குச் சுருளிப்பட்டி. அப்பா ஏலத்தோட்ட வேலையாக மலைமேல் இருப்பார். எங்களுக்குத் துணையாக இருந்த தாய்மாமா, கம்பத்தில் ஒரு நர்சரியில் வேலை பார்த்தார். சாமி கும்பிடாத மனுசன். கோயிலுக்கு வந்தாலும் வெளியிலேயே நின்றுகொள்வார். எங்கள் முற்றத்தில், ஒரு அகலத் தட்டில், முழங்கை உயரத்துக்கு ஓர் ஆலமரம் வளர்த்தார். அதைப் போன்சாய் என்பார். அந்த உயரத்திலேயே அது விழுது விட்டிருந்தது.

அதற்கு மண் கலப்பது மாமாவுக்குப் பூசை மாதிரி. செங்கல்லைப் பயறு அளவுக்கு உடைத்துச் சலிப்பார். ஆற்று மணல், அடுப்புக்கரி, மக்கிய சாணி எல்லாம் சேர்ப்பார். சல்லடைக்குக் கீழே விழுகிற தூளைத் தூரக் கொட்டிவிடுவார். "தூளு கெடந்தா தண்ணி வடியாது ஆத்தா, வேரு மூச்சு முட்டிச் செத்துரும்" என்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு வருசம், செங்கல் எடுக்கச் சூளைக்கு நானும் மொபட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். வரும்போது சாக்கை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அதே வாரம் எங்கள் குலசாமி கருப்பசாமிக்குப் புதுப் பீடம் கட்டினார்கள். பழைய பீடத்துச் செங்கல்லை ஆற்றில் விட அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் கொஞ்சம் காணோம் என்று ஊரெல்லாம் பேச்சு. மாமா புது மண்ணில் மரத்தை நட்ட மறுநாள் காலையில், காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தைத் தம்பிக்கு ஜன்னி கண்டது. கண் செருகிவிட்டது. மாமா ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தார். தம்பியை மடியில் வைத்திருந்த அம்மா, தட்டில் தெரிந்த செங்கல் துண்டுகளையே பார்த்தாள்.

"ஏலே, சாமி கல்லையா ஒடச்ச?"

"அய்யோ அக்கா, இது சூளைக் கல்லு. புள்ளையத் தூக்கு மொதல்ல."

"புளுகாதடா. கல்லத் திருப்பிக் குடுக்காமத் தூக்குனா, ஊரெல்லை தாண்டுறதுக்குள்ள எம்புள்ள போயிருவான்."

"யக்கா, சண்டைய அங்கன போயி வச்சுக்கலாம், ஏறுக்கா" என்று ஆட்டோக்காரர் கத்தினார். அம்மா அசையவில்லை. தம்பிக்கு உதடு நீலம் பாய்ந்தது. சூளைக்கு நானும் போனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"ஆமாக்கா. நாந்தேன் எடுத்தேன்."

"அப்ப கல்லப் பொறுக்கி எடு."

"கலந்தாச்சு, இனிப் பிரிக்க முடியாது. மொத்தமும் சாமிக்குத்தேன்" என்று சொல்லி மரத்தைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். தட்டோடு மண்ணைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அதன் பிறகுதான் அம்மா ஏறினாள்.

போகிற வழியில்தான் கோயில். மாமா உள்ளே ஓடிப் பீடத்தின் காலடியில் மண்ணைக் கொட்டிவிட்டு, குப்புற விழுந்து கும்பிட்டார். அவர் முதுகு குலுங்கியது. அரிவாளோடு நிற்கிற சாமியிடம் பொய் சொல்லிவிட்டாரே, தண்டனை தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆட்டோவில் நான் தம்பியைப் பார்க்கவே இல்லை. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று அவரையே பார்த்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் அவர் இருமினால்கூட அழுதேன்.

தம்பி பிழைத்தான். மாமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை, பல நாள் பயந்துகொண்டு வாசலிலேயே நின்றேன். அம்மாவைக் கிளப்பத்தான் அந்தப் பொய் என்று கொஞ்சம் வளர்ந்ததும் விளங்கிவிட்டது. மாமா அங்கே சும்மா விழவில்லை, தம்பியைக் கேட்டு நிசமாகவே அழுதார் என்பது, எனக்குப் பிள்ளை பிறந்து அதற்குக் காய்ச்சல் வந்த அன்றைக்குத்தான் விளங்கியது.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். டாக்டர் மட்டுமே காப்பாற்றினார் என்று குறைக்க வேண்டாம். பிடுங்கிப் போட்ட மரம் சாமி அருளால் தழைத்தது என்று கூட்டவும் வேண்டாம். அது பட்டுத்தான் போனது.