எர்னஸ்டீன் டாக்டருக்காகப் பேச ஆள் இல்லையாம்

டாக்டர் எர்னஸ்டீன் போய்விட்டார்.

இன்று காலை அவர் மகள் போன் பண்ணிச் சொன்னார். முதல் போன் எனக்குத்தான். கவர்மென்டுக்கே அப்புறம்தான் தெரிந்திருக்கும்.

உடனே நம் தமிழ் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்... அதற்குக் கீழேயே ஒரு புண்ணியவான் கேட்கிறார்: "ஸோ சாட். அவங்க பேஷண்ட்ஸை இனிமே யார் பாக்கறாங்க? இந்தியன் டாக்டர்னா பெட்டர்."

உடம்பு இன்னும் சர்ச்சுக்கே வந்து சேரவில்லை ஐயா!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஏரியாவில் சொந்தமாகக் கிளினிக் திறந்த முதல் கறுப்பினப் பெண் டாக்டர் அவர். வாடகைக்கு இடம் கொடுக்க அன்று ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை. சர்ச்சின் பின் ஹாலில் மடக்கு நாற்காலி போட்டுத்தான் ஆரம்பித்தார்.

அப்புறம் பாதி டெக்சாஸுக்கு அவர்தான் வைத்தியம். ஆள் நடந்து வருகிற சத்தத்தை வைத்தே சுகர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். சத்தியமாக.

ஊரிலிருந்து வரும் நம் அப்பா அம்மாக்களை, விசிட்டர் இன்சூரன்ஸ் என்றதும் மற்ற இடங்களில் ரிசப்ஷனிலேயே திருப்பி அனுப்புவார்கள். இவர் உட்காரச் சொல்வார்.

என் மாமியாரை நான்தான் அழைத்துப் போனேன். எங்கள் ஆலன் ஊரில் கேட்டரிங் என்றால் என் கேட்டரிங்தான், அன்று ஒரு கல்யாண ஆர்டரையே விட்டுவிட்டுப் போனேன். பிபி எகிறிக் கிடந்தது. "மாத்திரை தினமும் போடறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஒருநாள் விட்டதில்லை" என்று மாமியார் சாதித்தார்.

டாக்டர் கையை நீட்டி மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். அதோடு சேர்த்து ஓர் அரை மாத்திரை, டிஷ்யூ பேப்பரில் மடித்து...

"விசா எக்ஸ்டென்ஷனுக்கு அப்ளை பண்ணியிருக்கீங்களே மாப்ளே, ஊர் மாத்திரை தீந்துடாதா?" என்று மாமியார் என்மேல் பாய்ந்தார்.

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "ஹார்ட்டுக்கு எக்ஸ்டென்ஷன் கிடையாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க மிஸ்டர் முருகேசன்" என்றார்.

"முழுசா? பாதியா?" என்று தமிழில் கேட்க அன்றைக்கே என்னிடம் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தத் தமிழ்ப் பெரியவர் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி அதுதான். பாதி என்று ஒப்புக்கொண்டவர்கள்தான் ஜாஸ்தி. நம் தமிழ் டாக்டர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களிடம் வந்தவர்களும் பாதிதான் போட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும்.

ஒருநாள் வெயிட்டிங் ரூமில் நம் பையன் ஒருவன், அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊர் ரிச்சர்ட்சனில் பெரிய கம்பெனி, கழுத்தில் பேட்ஜ். டாக்டரே கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவரிடமே கேட்கிறான், "டாக்டர் எப்ப வருவாங்க?"

"வந்தாச்சு" என்றார்.

அப்பாவை எழுப்பிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. டாக்டர் என்னைத்தான் சமாதானப்படுத்தினார். "ஆரம்பத்துல வெள்ளைக்காரங்களும் இப்படித்தான் எழுந்து போனாங்க. இப்ப அவங்க பிள்ளைங்க வராங்க. உங்க ஆளும் வருவார், விடுங்க."

அவன் வந்தான் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை சர்ச்சில் அஞ்சலி சர்வீஸ். "உங்க கம்யூனிட்டியிலேருந்து ஒருத்தர் அம்மாவைப் பத்திப் பேசணும், ரெண்டு நிமிஷம் போதும்" என்று மகள் கேட்டார். படித்தவர்கள் பேசினால் கௌரவமாக இருக்குமே என்று நானும் போன் போட்டேன்.

ஒருத்தர்: "பொண்ணுக்கு டான்ஸ் ப்ரோக்ராம் அங்கிள்."

இன்னொருத்தர்: "புது வீடு கிரகப்பிரவேசம் வருது. சாவுக்கெல்லாம் இப்ப போகக் கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க."

மூன்றாவது ஆள்தான் உச்சம். "அங்கிள், அந்த ஏரியால பார்க்கிங்லாம் சேஃப்தானா?"

ஏன் தம்பி, உங்கம்மாவை வாரா வாரம் அதே தெருவில் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் போனாயே, அப்போது சேஃபாக இருந்ததா?

சரி. நானே பேசுகிறேன். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் மைக் கொடுத்தால் எந்த நாட்டிலும் பேசுவேன்.

சனிக்கிழமை காலை கிளம்புகிறேன். வேனில் இருந்த பாத்திரங்களையெல்லாம் இறக்கிவிட்டேன், நிறைய இடம் இருக்கிறது. இதுவரை நானும் என் மனைவியும்தான்.

டாக்டரம்மா... உங்க ஆளுங்க முன்னாடி எங்க ஆளுங்களுக்காக நிக்கப்போறேன். இங்கிலீஷ் நடுவுல தீந்துபோச்சுன்னா மிச்சத்தைத் தமிழ்ல சொல்லிடறேன்.

நல்லபடியா போங்கம்மா.