அத்தா வந்தால் வரும் தும்மல்

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். மார்ச் மாதம்தான் அவருக்கு லீவு கிடைக்கும். அவர் விருத்தாசலத்தில் வந்து இறங்கினால் போதும், எங்கள் மகள் நஸ்ரினுக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். கண் சிவந்து மூக்கு ஒழுகும். அவர் கிளம்பிய கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

அவர் பூசும் அத்தரா, கொண்டுவரும் போர்வையா? இரண்டையும் பீரோவில் பூட்டினேன், தும்மல் நிற்கவில்லை. பக்கத்துப் பீங்கான் பட்டறைத் தூசு என்றால், அது வருடம் முழுக்க இருக்கிறதே. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன வருடம் மூச்சும் இழுக்கத் தொடங்கியது. "நான் வந்தாதான் புள்ளைக்கு ஆவ மாட்டேங்குது" என்று அவர் தனியாகப் படுத்தார்.

மறுநாள் டாக்டரிடம் ஓடினோம். எல்லாம் கேட்டுவிட்டு, "இவரு வராத வருஷம் எப்படிம்மா இருந்துச்சு?" என்றார்.

ஒரே ஒரு மார்ச்சில் அவர் வரவில்லை. அப்போதும் நஸ்ரினுக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகியது. அத்தாவை நினைத்து அழுகிறாள் என்று மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன்.

வீட்டுப் பக்கம் மரம் ஏதும் உண்டா என்று டாக்டர் கேட்டார். எங்கள் ஜன்னலை ஒட்டி வேப்ப மரம். மார்ச் அது பூக்கும் மாதம். "பூவோட தூளு ஒத்துக்கலன்னு நெனைக்கிறேன்" என்று மருந்து எழுதினார்.

இப்போது பூக்கும் காலத்தில் அந்த ஜன்னலைத் திறப்பதில்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் முகம் கழுவி, உடை மாற்றிவிடுகிறேன். கண் சிவந்தால் நானாக எதையும் முடிவு செய்வதில்லை. "கண்ணு அரிக்குதா, அத்தா ஞாபகமா?" என்று கேட்கிறேன்.

சில நாள், "ரெண்டுந்தாம்மா" என்கிறாள்.

- ச. பர்வீன், விருத்தாசலம்