கண் கொடுத்தவருக்கு மூன்று முழுக்கு

"ஆடி அமாவாசைக்கு மறுநாள். குஜிலியம்பாறை – திண்டுக்கல் பேருந்து. கறுப்புக் கண்ணாடிக்காரர்." என் நாட்குறிப்பில் அவரைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது.

அறுபது வயதிருக்கும். சோளத்தோகை கிழித்துப் பார்வை போன வலக்கண்ணில், இறந்த ஒருவரின் கருவிழியை அரசு மருத்துவமனையில் பொருத்தியிருந்தார்கள். இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வழியிலிருந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தபடி வந்தார். எரியோடு ஊரைத் தாண்டியதும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்னண்ணே, தெரியலையா?" என்றேன்.

"நேத்து சாயங்காலத்துலருந்து மசமசன்னு இருக்கு தம்பி. செவந்தும் போச்சு. கிணத்துல முங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாக. முங்கிட்டேன்."

"ஏன் முங்குனீங்க?"

"அமாவாசையில்ல? எங்கய்யாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டேன். கண்ணு குடுத்தவர விட்டுட்டு வரலாமா? அவருக்குன்னே மூணு முங்கு போட்டேன்."

"அவர் பேரு தெரியுமா?"

"சொல்ல மாட்டாகளாம். கண்ணுக்காரரேன்னு கூப்புட்டுத்தான் தண்ணி விட்டேன்."

பக்கத்தில் நின்ற நடத்துநர் சிரித்தார். "அவரு குடுத்ததை அவருகிட்டயே திருப்பிக் குடுக்கப் பாத்தியா பெருசு?"

அவரும் சிரித்தார். பிறகு மெதுவாக, "டாக்டரம்மா வைவாக, வையட்டும். அந்த மனுசன் கண்ணக் கெடுத்துப்புட்டேன்னு மட்டும் சொல்லிரக் கூடாது" என்றார்.

மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கி வேகமாக நடந்தார்.

இப்படிச் சிவந்தால் பொருத்திய கருவிழி மங்கிப்போகலாம், நாள் கடத்தாமல் வந்தால் காப்பாற்றவும் முடியும் என்று பின்னர் படித்தேன். அவர் முங்கிய மறுநாளே வந்துவிட்டார். விசாரிக்கலாமென்றால் அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் கண் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது இன்னும் உறுதிசெய்யப்படாத செய்தி.