இரண்டாம் பாகத்தில் மாறிய முறை

1997, தீபாவளிக்கு அடுத்து வந்த ஞாயிறு. பிற்பகல் இரண்டு மணி. கொட்டகலைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் வாசிகசாலை. இரண்டு பொலிஸ்காரர்களைப் பற்றிய ஆங்கிலச் சண்டைப்படம் ஒன்று வீடியோவில் காண்பிக்கப்பட்டது. இருவர் உடனுக்குடன் மொழிபெயர்த்தனர். மின்சாரம் தடைப்படவில்லை.

1999, சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்து வந்த ஞாயிறு. அதே இடம், அதே நேரம். அப்படத்தின் இரண்டாம் பாகம். மொழிபெயர்த்தவர்கள் அதே இருவர். படம் ஒருமுறை நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்கள் பார்வையாளர்கள். ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்குப் பின் மீண்டும் தொடங்கி இறுதிவரை ஓடியது.

என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. எழுதிய காலத்தில் இதற்குமேல் எழுத எனக்குத் துணிவு இருக்கவில்லை.

மொழிபெயர்த்த இருவரில் ஒருவன் நான். கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். திரும்பிச் செல்லும் நாள் ஆண்டுக்காண்டு தள்ளிப் போனதால் தங்கிவிட்டவன். மற்றவர் அந்தத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும், பின்னர் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்ப்பதும் அவர் தொழில். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவர் வீட்டோடு ஒட்டிய அறையில் நான் தங்கியிருந்தேன். சாப்பாடு அவர் வீட்டில். அவருடைய தாய், மனைவி, மூன்று பிள்ளைகள், திருமணமாகாத தங்கை ஆகியோரோடு.

முதற்பாகம் எங்களிடம் வந்தது தற்செயலாக. ஹட்டனில் வீடியோ கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியிடம் தீபாவளிப் படம் கேட்கத் தாமதமாகப் போய்விட்டோம். அவர் வெறுமையான தட்டுகளைக் காட்டினார்.

"தமிழ்ப் படமெல்லாம் போன கிழமையே போயிட்டு மாஸ்டர். இது ஒண்டுதான் மிச்சம். பாஷை வெளங்காட்டியும் அடி வெளங்கும்."

அடி மட்டும் விளங்கினால் போதாது என்று கணக்கப்பிள்ளை கருதினார். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தார். தொலைக்காட்சிக்கு அருகே வாங்கில் அமர்ந்து நான் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்ல வேண்டும். அதை அவர், பெரட்டில் பெயர் கூப்பிட்டுப் பழகிய குரலில், தோட்டத்துத் தமிழில் எல்லோருக்கும் சொல்வார். என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது என்பது அவர் சொன்ன காரணம். என் தமிழும் தாண்டாது என்பதை அவர் சொல்லவில்லை.

"மேலதிகாரியின் கட்டளைக்குப் பணிய முடியாது என்று மறுக்கிறார்" என்பேன்.

"போய்யா, ஒன் உத்தியோகத்த நீயே வச்சுக்கங்கிறான்" என்பார் அவர். கூட்டம் சிரிக்கும்.

படத்தின் பொலிஸ்காரர்களில் ஒருவன் நெட்டையன், மற்றவன் குட்டையன். ஒரே காரில் போனார்கள். குட்டையனின் தாய் சமைத்ததை இருவரும் உண்டார்கள். ஓயாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த, கொழுந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவருக்கு இது பொறுக்கவில்லை.

"கணக்கப்புள்ள, இந்த ரெண்டு பேரும் யாரு எவரு? ஒரு தட்டுல திங்கிறானுங்க, இப்பிடி வைஞ்சுக்கிறானுங்க."

உத்தியோகத்தில் கூட்டாளிகள், வேறு உறவில்லை என்று நான் சொன்னேன். கணக்கப்பிள்ளை ஒரு கணம் யோசித்தார். உறவில்லாத இருவர் ஒருவருக்காக மற்றவர் உயிரைக் கொடுக்கத் துணிவதை அந்தக் கூட்டத்துக்கு விளக்க அவருக்கு நேரம் இல்லை. திரையில் கார் ஒன்று ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணன் தம்பிங்க" என்றார்.

"ஒருத்தன் சவுக்கு மரமாட்டம் இருக்கான், ஒருத்தன் தேயிலைச் செடியாட்டம் இருக்கான்?"

"எங்க வீட்ல நான் கறுப்பு, என் தங்கச்சி செவப்பு. அதுக்கு வந்து கேட்டீங்களா? படத்தப் பாருங்க பாட்டி."

அவ்வாறு அந்த இருவரும் அண்ணன் தம்பி ஆனார்கள். தோட்டத்தில் ஓர் உறவுமுறை நிலைத்துவிட்டால் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும். அதை நான் நன்கு அறிந்திருந்தேன், ஏனென்றால் அதே தீபாவளியன்று எனக்கும் ஒரு முறை ஏற்பட்டிருந்தது. கணக்கப்பிள்ளையின் தாய் மகனுக்கு வாங்கிய வேட்டியைப் போலவே எனக்கும் ஒன்று வாங்கி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கொடுத்தார். "நீயும் எனக்கு ஒரு மகன்தான்" என்றார். நான் இரு கைகளாலும் வாங்கினேன். மறுநாளிலிருந்து கணக்கப்பிள்ளை என்னைத் தம்பி என்றார். பிள்ளைகள் சித்தப்பா என்றனர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்களும் அப்படியே பழகினர். தங்கை மட்டும் என்னை அண்ணன் என்று ஒருநாளும் அழைக்கவில்லை. மாஸ்டர் என்றே அழைத்தார்.

அவர் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவைப் பொறுப்பேற்று நடத்தினார். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஞாயிற்றுப் பத்திரிகையை நான் படித்து முடித்ததும் அவர் வாங்கிப் போவார். குறுக்கெழுத்தில் பாதியை நிரப்பி மீதியை அவருக்கு விடுவது என் வழக்கமாயிற்று. சில வாரங்களில் நான் நிரப்பிய பாதியையும் திருத்தி அனுப்புவார். இந்த வழக்கம் ஒன்றரை ஆண்டு நீடித்தபோது, அவரை மணந்துகொள்ள விரும்புகிறேன் என்பதை நான் எனக்கே ஒப்புக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது.

1999 பங்குனியில், வட்டவளையிலிருந்து ஒருவர் அவரைப் பெண் பார்க்க வைகாசியில் வரப்போவதாகச் செய்தி வந்தது. மறுநாள் பத்திரிகையை நானே பிள்ளைக்காம்பராவுக்கு எடுத்துச் சென்றேன். அவர் குழந்தைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வட்டவளையிலை இருந்து வருகினமாம்" என்றேன்.

"வரட்டும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

"நான் கேட்டால்?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "யாருகிட்ட கேப்பீங்க?"

"அண்ணரிட்டை."

"அவரு ஒங்களத் தம்பிங்கிறாரு. அம்மா மகன்ங்கிறாங்க. தம்பி வந்து தங்கச்சியக் கேட்டா லயத்துல என்னா பேசுவாங்க? எங்கம்மா வேட்டி குடுத்தப்ப ஏன் மாஸ்டர் வாங்குனீங்க?"

"அன்பாத் தந்தவ. வேண்டாம் எண்டு சொல்லேலுமே?"

"பெரிய படிப்புப் படிச்சவரு. வேட்டியக் கண்டதும் எல்லாம் மறந்திருச்சு."

அவர் மறுக்கவில்லை என்பதை வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உணர்ந்தேன். இருமுறை கணக்கப்பிள்ளையிடம் பேச்செடுத்தேன். ஒருமுறை மழையைப் பற்றியும், மறுமுறை பாடசாலைக் கூரையைப் பற்றியும் பேசி முடித்தேன்.

இந்த நிலையில்தான் இரண்டாம் பாகம் வந்தது. ஹட்டன் வியாபாரி அதை எங்களுக்கென்றே எடுத்து வைத்திருந்தார். வாசிகசாலையில் நிற்க இடமில்லை. பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டு வந்த தங்கை, வாசற்படியில் இரண்டு பெண்களோடு நின்றார்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நெட்டையனும் குட்டையனும் முன்போலவே திட்டிக்கொண்டார்கள். கூட்டம் பழைய சொந்தக்காரர்களைக் கண்டதுபோல் மகிழ்ந்தது. பிறகு குட்டையனின் தங்கை வந்தாள். அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுபவள். குண்டடிபட்ட நெட்டையனை ஏற்றிக்கொண்டு நகரம் முழுவதும் பறந்தாள். மூதாட்டி அவளை மெச்சினார்: "அண்ணனுக்கு ஒண்ணுன்னதும் எப்பிடி ஓட்டுறா பாரு." அடுத்த காட்சியில் நெட்டையன் அவள் கையைப் பிடித்தான். அந்தப் பிடி அண்ணனின் பிடியாக இருக்கவில்லை.

முன்வரிசையில் மூதாட்டி எழுந்தார்.

"என்னா கருமம் இது. கூடப் பொறந்தவளையா? நிப்பாட்டுங்க அத."

பெண்கள் குழந்தைகளின் கண்களைப் பொத்தினர். யாரோ பொத்தானை அழுத்தினர். திரையில் இரண்டு கைகள் கோடு விழுந்து நடுங்கியபடி நின்றன.

"பிழை எங்களுடையது" என்று நான் எழுந்து சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அந்தக் கூட்டத்தோடு நான் நேரே பேசியது அதுவே முதல் முறை. "அவை உடன்பிறந்த ஆக்கள் இல்லை. ஒருநாளும் இல்லை."

"ரெண்டு வருசமா அண்ணன் தம்பின்னு சொல்லிட்டு, இன்னைக்கு ஒருத்தன் பொண்ணு கையப் புடிச்சதும் இல்லைன்னா எப்பிடிங்க மாஸ்டர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப யாரு வேணும்னாலும் மொறைய மாத்திக்கலாமா?"

நான் வாசலைப் பார்க்காமலிருக்கக் கவனமாக இருந்தேன். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பெரட்டுக் குரலில் பேசினார்.

"கேளுங்க. அண்ணன் தம்பின்னு சொன்னது நான். மாஸ்டர் சொல்லல. இவன் வெளியூர்லருந்து வேலைக்கு வந்தவன். அவன் வீட்ல சாப்பிட்டான். அவன் அம்மா இவனையும் மகன்னுச்சு. பாசத்துல சொன்னது. அதுக்காக ரத்தம் ஒண்ணாயிருமா?"

"ஆகாது" என்று மூதாட்டி ஒப்புக்கொண்டார்.

"இப்ப அந்தப் பொண்ணுக்கு இவனப் புடிச்சிருக்கு. இவனுக்கும் புடிச்சிருக்கு. வாய் தொறந்து கேக்கத்தான் தைரியம் இல்ல, துப்பாக்கி வச்சிருக்கான், அவ்வளவுதான். அம்மாவும் நாமளும் பாசத்துல வச்ச மொறைய நாமளே மாத்தலாம். கெட்டுப் போகாது."

"அப்ப என்னா மொற?"

"மச்சான் மொற."

மூதாட்டி சிறிது நேரம் கணக்கிட்டுப் பார்த்தார். "மச்சான்னா கட்டிக்கலாம். மொறதான். போடு படத்த."

படம் மீண்டும் ஓடத் தொடங்கியது. கணக்கப்பிள்ளை என் பக்கம் குனிந்தார்.

"அடுத்து என்னா சொல்றான் மச்சான்?"

துறைமுகம் ஒன்று தீப்பிடித்து எரிந்த நீண்ட காட்சி முழுவதும் தமிழில்லாமலே சென்றது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழி தேயிலைக்கு நடுவே செல்லும் குறுக்குப் பாதை. இருவர் அருகருகே நடக்க முடியாது. முன்னால் நடந்தவாறே கணக்கப்பிள்ளை பேசினார்.

"எனக்கு ரெண்டு மாசமா தெரியும். குறுக்கெழுத்துல ரெண்டு பேர் கையெழுத்து இருந்தா தெரியாமலா போகும்? நீங்களே கேப்பீங்கன்னு இருந்தேன். கேட்டீங்க, மழை வருமான்னு."

"மன்னிக்க வேணும்."

"அம்மாகிட்ட நான் பேசுறேன். வட்டவளைக்கு நீங்களே கடிதம் எழுதிருங்க, ஒங்களுக்குத்தான் அழகா வரும்."

தாய் அன்று மாலையே என்னை அழைத்து வேட்டியைத் திருப்பிக் கேட்டார். துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "இது மகனுக்கு எடுத்தது. மருமகனுக்கு வேற எடுக்கணும்" என்றார். பிள்ளைகளுக்குச் சித்தப்பாவை மாமாவாக்க ஒரு வாரம் பிடித்தது. கடைக்குட்டி மட்டும் ஆவணியில் எங்கள் திருமணம் முடியும்வரை சித்தப்பா மாமா என்று அழைத்தாள்.

ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தோம், கொட்டகலையில், ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு சிறிய வீட்டில். அவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நிறைவான நாட்களுக்கு நாட்குறிப்பு தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போவோம். அங்கே படம் போட்டால் மொழிபெயர்ப்போம். என் மனைவி வாசற்படியில் நிற்பதை விட்டுவிட்டு, என் வாங்கிலேயே அமர்ந்து என் தமிழைத் திருத்தத் தொடங்கியிருந்தார். "பணிய முடியாதுன்னு யாராவது பேசுவாங்களா? முடியாதுன்னு சொல்லுங்க, போதும்" என்பார்.

2008இல் அவர் நோயுற்றார். ஆறு மாதம். நுவரெலியாவிலும் கண்டியிலும் காட்டினோம். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள், என் தமக்கை யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, இனி அங்கே யாருக்காக இருக்கிறாய், வந்துவிடு என்றார். கணக்கப்பிள்ளை வீட்டு முற்றத்தில் இருந்தவர்களும் அதையே வேறுவிதமாகப் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்: "பொண்ணே போயிருச்சு. இனி மாஸ்டர் எந்த மொறையில இங்க வந்து போவாரு?" அதில் கெடுதலான எண்ணம் எதுவும் இல்லை; முறை தெரியாமல் எப்படி அழைப்பது என்ற கவலைதான்.

கணக்கப்பிள்ளை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"மச்சான் மொறையிலதான்" என்றார். "ஒருக்கா மாத்துனது போதும். மச்சான், அந்தப் பக்கத்தப் புடிங்க, இத உள்ள வைப்போம்."

நான் பிடித்தேன்.

இன்னும் செய்யாதவை:

பிள்ளைக்காம்பராவுக்கென்று என் மனைவி வெட்டி வைத்த தொட்டில் துணிகளில் நான்கிற்கு ஓரம் அடிப்பது.

தமக்கைக்குப் பதில் எழுதுவது. வரவில்லை என்று.

மூன்றாம் பாகம் டிவிடித் தட்டாக வந்திருக்கிறதாம்; ஹட்டனுக்குப் போய் எடுப்பது.

மச்சானைக் கண்டிக்குக் கண் வைத்தியரிடம் கூட்டிச் செல்வது. படத்தை எடுப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

மாமியின் அறைக்கு மேல் இரண்டு தகரங்கள் மாற்றுவது, மழை தொடங்குமுன்.